நாடு: பூஜ்யம் பூஜ்யம்

பெட்டியிலிருந்து எடுத்த புதிதில்
எந்தக் கருவிக்கும் நாடு கிடையாது.
இரண்டு பூஜ்யம் எழுதி அனுப்புகிறோம்.
பொருள் இதுதான்:
கேட்கலாம், பேசாதே.
யாராவது ஊர்ப்பெயர் சொல்லும்வரை
சில அலைவரிசைகளில் வாய் திறக்காதே.

ஊபியில் நாலாவது மாடி.
அந்த அட்டவணைதான் என் வேலை.
நாட்டுக்கு ஒரு பத்தி:
எந்த அலை திறந்தது, எது ராடாருடையது,
எத்தனை மில்லிவாட் வரை குரல் உயர்த்தலாம்.
பாம்பு தின்கிற ஊருக்குப் போனால்
நடுத்துண்டு நமக்கு என்பதை
எண்ணூறு வரிகளில் எழுதி வைத்திருக்கிறேன்.
ஹஃபீஸ் படித்துப் பார்த்து
ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சு என்றான்.
அந்தக் காற்புள்ளியில்
பெரு நாடு ஒரு வாரம் ஊமையாகியிருக்கும்.

கீழே காவல் மேசையில் மாசிலாமணி.
மார்சிலிங் மாசிலாமணி என்று
தன்னையே கேலி செய்துகொள்பவர்.
“தங்கச்சி, ராத்திரி பதினொண்ணு ஆனா
என் டேப்லெட்டுக்கு வீட்டு வைஃபை
கண்ணுலயே படமாட்டேங்குது.
நீங்க செஞ்சதுதானே அது?”

நாங்கள் செய்ததுதான்.

வெள்ளிக்கிழமை போனேன். பதினாலாம் மாடி.
சன்னலுக்கு வெளியே நீரிணை,
கடற்பாலத்தில் ஊரும் லாரிகளின் சிவப்பு,
அக்கரையில் ஜொகூர்.
அங்கிருந்துதான் ஏதோ ஒரு குரல் வந்து
டேப்லெட்டின் மனதைக் கலைக்கிறது என்று
வரும்போதே பேருந்தில் முடிவு கட்டியிருந்தேன்.
எல்லைக்கு இந்தப்பக்கம் இருப்பவர்களுக்குச்
சுலபமாக வரும் எண்ணம்.

மடிக்கணினியைத் திறந்து
காற்றைப் பதிவு செய்தேன்.
பதினொன்று அடித்து இரண்டு நிமிடத்தில்
புதிதாக ஒரு பெயர் எழுந்தது,
சுவரை ஒட்டி, பலமாக:
நான் இருப்பது அமெரிக்கா.
டேப்லெட் கேட்டது. நம்பியது.
அமெரிக்காவில் பதின்மூன்று கிடையாதே என்று
மாசிலாமணி வீட்டுப் பதின்மூன்றாம் அலைவரிசையை
மரியாதையாக மறந்தது.
நான் எழுதிய வரிதான்.
சொன்னபடி கேட்ட பிள்ளையை
எப்படித் திட்டுவது?

அடுத்த வீட்டில் ரோவேனா. தாதி.
வாடகை அறை; ஆளில்லாத நேரம்
எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.
வேலை முடிந்து வந்ததும், சீருடை மாற்றுமுன்
பெட்டியைப் போடுகிறாள்.
சான் டியாகோவிலிருந்து அக்கா கொடுத்தனுப்பியது.
மகளும் அங்கேதான், அக்காவிடம்.
இங்கே இரவு பதினொன்று, அங்கே காலை எட்டு.
திரையில் ஒரு சிறுமி,
பால் சொட்டும் கரண்டியோடு.

விஷயத்தைச் சொன்னேன்.
இரண்டே எழுத்து மாற்றவேண்டும்.
மாற்றினால் அங்கே எட்டுமா என்றாள்.
எட்டும் என்றேன்.
நம்பவில்லை அவள்.
படிவம் நிரப்பிப் பழகியவர்களுக்கு
‘நாடு’ என்ற கட்டத்தில் கைவைத்தாலே
வரும் கலக்கம். எனக்கும் தெரியும்:
பிப்ரவரியில் முடிகிறது என் பாஸ்.

பட்டியலில் தேடினேன்.
சியரா லியோனுக்குக் கீழே,
ஸ்லோவாக்கியாவுக்கு மேலே
சிங்கப்பூர்.

அழுத்தினேன்.
பெட்டி அணைந்து எழுந்தது.
எழுந்தும் பேசவில்லை.
மழைமேகம் தேடும் ராடார், கப்பலின் ராடார்
எதுவும் இந்த அலையில் உண்டா என்று
அறுபது நொடி காதுகொடுக்க வேண்டும், சட்டம்.
திரையில் சிறுமி உறைந்திருக்கிறாள்,
வாய் திறந்தபடி, கரண்டி பாதி வழியில்.
ரோவேனா என்னையே பார்க்கிறாள்.
வாசலில் மாசிலாமணி,
ஒரு செருப்பை மட்டும் கழற்றியவராக.
மேலே எங்கோ விமானம் போகிறது.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
இந்த அறுபதையும் நான்தான் எழுதினேன்,
இத்தனை நீளம் என்று தெரியாமல்.

கரண்டி வாய்க்குப் போனது.
எங்கே போனாய் அம்மா என்றாள் சிறுமி.

இங்கேதான், என்றாள் ரோவேனா.
இங்கேதான் இருக்கிறேன்.